ஸ்காட்லாந்துக்குப் போகாத அணி: எடின்பரோ 2015, ஒரு நிகழ்வு ஆய்வு

2015 ஜூலைக் கடைசியில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 19 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான உலக லாக்ராஸ் போட்டி நடந்தது. அதில் ஆட வேண்டிய, வட அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹோடினோஷோனி மக்களின் அணி போகவில்லை. தகுதி இருந்தது, தங்கள் மக்களே வழங்கிய பாஸ்போர்ட்டும் இருந்தது. அந்தப் பாஸ்போர்ட்டைப் பிரிட்டன் ஏற்கவில்லை. வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டில் போக அணி சம்மதிக்கவில்லை. கேட்டால் ரெண்டு வரிக் கதைதான். ஆனால் உலகப் போட்டி நடத்துகிறவர்கள், அணியை வெளிநாடு கூட்டிப் போகிறவர்கள், எந்த விளையாட்டாக இருந்தாலும், உட்கார்ந்து படிக்க வேண்டிய விவகாரம் இது. எங்கே தவறியது, யார் என்ன முடிவெடுத்தார்கள், ஏன், பிறகு என்ன ஆனது என்று வரிசையாகச் சொல்கிறேன். வீராங்கனைகள் பெயரோ அதிகாரிகள் பெயரோ இதில் வராது. அணியில் இருந்தவர்கள் பெரும்பாலும் பள்ளியில் படிக்கிற வயதுப் பிள்ளைகள்.

இந்த அணி யாருடையது

ஹோடினோஷோனி என்பது ஆறு பூர்வகுடி தேசங்களின் கூட்டமைப்பு. மோஹாக், ஒனைடா, ஓனொண்டாகா, கயூகா, செனிகா, டஸ்கரோரா. பழைய புத்தகங்களில் இரோகுவாய் என்று இருக்கும். இவர்களுடைய நிலம் இன்றைய நியூயார்க் மாநிலத்திலும் கனடாவின் ஒண்டாரியோ, கியூபெக் மாகாணங்களிலும் சிதறிக் கிடக்கிறது. அமெரிக்க-கனடா எல்லைக்கோடு இவர்கள் ஊர்களுக்கு நடுவிலேயே ஓடுகிறது. ஒரே குடும்பத்தில் அக்கா அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம் என்பதெல்லாம் அங்கே சாதாரணம்.

லாக்ராஸ் இந்தப் பகுதி பூர்வகுடிகளின் ஆட்டம். நுனியில் வலை கட்டிய கம்பால் பந்தைப் பிடித்து, ஓடி, எறிந்து கோல் போடுவது. இவர்களுக்கு அது படைத்தவன் தந்த ஆட்டம். நோய் தீர, ஊர் நலம் பெற ஆடுவது. 1983ல் இவர்கள் தங்களுக்கென்று ஓர் ஆண்கள் தேசிய அணியை அமைத்தார்கள். அந்த அணி 1990ல் பெர்த் நகரில் முதல்முறையாக உலகப் போட்டியில் ஆடியது. சர்வதேச விளையாட்டில் ஒரு பூர்வகுடிக் கூட்டமைப்பு தன் கொடியோடு தனி தேசமாக இறங்குவது அபூர்வத்திலும் அபூர்வம்.

பெண்கள் அணி அமைவது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. மரக் கம்பு ஆணுக்குரியது, பெண் அதைத் தொடக் கூடாது என்பது அங்கே வழிவழியாக வந்த கட்டுப்பாடு. பெண்கள் லாக்ராஸ் ஆடத் தொடங்கியபோது முதல் எதிர்ப்பு வீட்டுக்குள்ளிருந்தே, அதுவும் மூத்த பெண்களிடமிருந்தே வந்தது. பிளாஸ்டிக் தலை வைத்த நவீன கம்பில் பெண்கள் ஆடும் ஆட்டம் வேறு, சடங்கு ஆட்டம் வேறு என்று பலர் மெல்ல மெல்ல ஒத்துக்கொண்ட பிறகுதான் வழி திறந்தது. 2009ல் பிராக் நகரில் நடந்த பெண்கள் உலகக் கோப்பையில் இந்த அணி முதல்முறையாக ஆடியது, 2013ல் கனடாவின் ஓஷாவாவில் மறுபடி ஆடியது. ஆக, எடின்பரோ வாசலுக்கு முன்னாலேயே சொந்த வீட்டு வாசலில் ஒரு வழக்கை வென்று வந்த அணி இது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஹோடினோஷோனி மக்களிடம் குலம் தாய்வழி. தாய் எந்தக் குலமோ பிள்ளையும் அதே குலம். தலைவர்களைத் தேர்ந்தெடுப்பதும், சரியில்லை என்றால் இறக்குவதும் குலத்தாய்மார். அந்தப் பாஸ்போர்ட்டுக்கு உரிமை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் அம்மாவிடம் போய் நிற்கும். எடின்பரோவுக்குக் கிளம்பிய பெண்களின் கையில் இருந்தது வெறும் பயணச் சீட்டு என்று பார்த்தால் அவர்கள் எடுத்த முடிவு புரியாது.

பாஸ்போர்ட்டின் கதை

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1921ல் கயூகா தலைவர் டெஸ்காஹே தன் மக்களின் மனுவோடு லண்டனுக்குப் போனார். அது கனடாவின் உள்விவகாரம் என்று சொல்லிப் பிரிட்டன் கை கழுவிவிட்டது. 1923ல் அவர் ஜெனீவாவுக்குப் போய், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) கதவைத் தட்டினார். ஹோடினோஷோனி பாஸ்போர்ட்டில்தான் போனார். 1924ல் அமெரிக்கா பூர்வகுடிகள் அனைவரையும் தன் குடிமக்கள் என்று சட்டம் போட்டு அறிவித்தபோது, எங்களுக்கு வேண்டாம் என்று இந்தக் கூட்டமைப்பு மறுத்தது. 1977ல் ஜெனீவாவில் நடந்த ஐ.நா. கூட்டத்துக்குப் போனவர்களும் இதே பாஸ்போர்ட்டோடுதான் போனார்கள். அப்புறம் ஆண்கள் லாக்ராஸ் அணி இதை வைத்துக்கொண்டு பல நாடுகளுக்குப் போய் வந்தது.

அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்காக வரிசையில் நின்று பழகிய நமக்கு, கிடைப்பதை வேண்டாம் என்கிறவர்களைப் பார்த்தால் விளங்காது. அது சரிதான். ஆனால் அவர்கள் பக்கம் நின்று பாருங்கள். இவர்களுக்கு அது தேடிப் போய் வாங்கியதில்லை, கேட்காமலே தலையில் வைத்தது.

2010: எச்சரிக்கை மணி அடித்த வருடம்

எடின்பரோவைப் புரிந்துகொள்ள ஐந்து வருடம் பின்னால் போக வேண்டும். 2010 ஜூலையில் மான்செஸ்டரில் ஆண்கள் உலகப் போட்டி. இரோகுவாய் அணி நியூயார்க் வரை வந்து அங்கேயே மாட்டிக்கொண்டது. 2001 தாக்குதலுக்குப் பிறகு பயண ஆவண விதிகள் எல்லாம் இறுகியிருந்தன. இவர்களுடைய பாஸ்போர்ட்டில் சில பகுதிகள் கையால் எழுதப்பட்டவை, மின்னணுப் பாதுகாப்பு அம்சங்கள் இல்லை. இவர்கள் திரும்பி வரும்போது உள்ளே விடுவீர்களா, உறுதி கொடுங்கள் என்று பிரிட்டன் அமெரிக்காவைக் கேட்டது. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ஹிலாரி கிளின்டன் தலையிட்டார், ஒரே ஒரு முறைக்கு என்று அமெரிக்கா விலக்கு கொடுத்தது. ஆகா, முடிந்தது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், அமெரிக்க அல்லது கனடியப் பாஸ்போர்ட் இல்லாமல் வர முடியாது என்று பிரிட்டன் சொல்லிவிட்டது. இங்கிலாந்துக்கு எதிரான தொடக்க ஆட்டம் நடக்கவில்லை, அணி போட்டியிலிருந்தே விலகியது.

இதே அணி 1994ல் இதே மான்செஸ்டரில் நடந்த உலகப் போட்டியில் ஆடியிருக்கிறது என்பது ஒரு வயிற்றெரிச்சல். 2011ல், அடுத்த வருடமே, பிராக் நகரில் நடந்த உள்ளரங்கப் போட்டிக்குப் போய் ஆடிவிட்டும் வந்தது. ஆக, ஐரோப்பா முழுக்கக் கதவு மூடவில்லை. பிரிட்டனின் கதவுதான் மூடியது, அது எப்படி மூடியது என்பதையும் உலகமே பார்த்தது. செய்தித்தாள்களில் முதல் பக்கம் வரை வந்த விஷயம்.

இந்த ஆய்வின் மையம் என்று நான் நினைப்பது இங்கேதான் இருக்கிறது. 2010ல் நடந்தது யாருக்கும் தெரியாமல் இருந்திருந்தால் 2015ஐ விபத்து என்று சொல்லலாம். ஆண்கள் சங்கமும் பெண்கள் சங்கமும் 2008ல் இணைந்து ஒரே சர்வதேச லாக்ராஸ் கூட்டமைப்பாகிவிட்டன. 2010ல் மான்செஸ்டர் போட்டி அந்தக் கூட்டமைப்பின் கீழ், எடின்பரோ போட்டியும் அதன் கீழ். இரண்டும் பிரிட்டனில். உறுப்பினர் தேசம் ஒன்று உள்ளேயே வர முடியாமல் போன நாட்டில் அடுத்த போட்டியை வைக்கிறோமே, இந்த முறை என்ன உறுதி இருக்கிறது என்று கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். அப்படி ஒரு உறுதி கையில் இருந்திருந்தால் 2015 ஜூலையில் நடந்தது நடந்திருக்காது.

2015 ஜூலை

எடின்பரோவுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் பிரிட்டனின் நிலை மாறவில்லை. ஹோடினோஷோனி பாஸ்போர்ட் ஏற்கப்படும் பயண ஆவணம் இல்லை. அமெரிக்காவிலோ கனடாவிலோ பிறந்தவர்கள்தானே, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டில் வரட்டும். அதிகாரி மேசையிலிருந்து பார்த்தால் இது ஒரு முட்டுக்கட்டையாகவே தெரியாது. இரண்டாவது வழி திறந்துதானே இருக்கிறது, இவர்கள்தான் போக மாட்டேன் என்கிறார்கள் என்றுதான் தெரியும்.

அணியின் பக்கம் வேறு கணக்கு. அந்த இரண்டாவது வழியில் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். விமான நிலையத்தில் பாதிப் பேர் அமெரிக்கர்களாகவும் மீதிப் பேர் கனடியர்களாகவும் இறங்குவார்கள். மறுநாள் மைதானத்தில் ஹோடினோஷோனி கொடியோடு அணிவகுப்பார்கள். அதே போட்டியில் அமெரிக்காவும் கனடாவும் தனித்தனி அணிகளாக ஆடுகின்றன. குடியேற்ற முத்திரைப்படி பார்த்தால் இந்தப் பெண்கள் தங்கள் எதிரணியின் குடிமக்கள். ஒருமுறை அப்படிப் போய்விட்டால் அடுத்த முறை எந்த நாடும் போன தடவை வந்தீர்களே, இப்போது என்ன என்று கேட்கும். விதிவிலக்காகச் செய்தது வழக்கமாகிவிடும், வழக்கம் ஆவணமாகிவிடும்.

அணி விலகியது. போட்டி தொடங்குவதற்கு முன்பே முடிவு தெரிந்துவிட்டது.

இந்த முடிவைச் சரி, தவறு என்று சட்டென்று சொல்லிவிட எனக்கு மனமில்லை, ஆனால் என் கருத்தை மறைக்கவும் இல்லை: தேசிய அணி என்ற பெயரில் போகிறவர்களுக்கு வேறு முடிவு இருந்திருக்க முடியாது. சங்கடம் எங்கே என்றால், ஆண்கள் அணியில் 2010ல் விலகியவர்களில் பலருக்கு அடுத்தடுத்த போட்டிகள் இருந்தன. 2014ல் டென்வர் அருகே நடந்த உலகப் போட்டியில் அந்த அணி வெண்கலம் வாங்கியது. 19 வயதுக்கு உட்பட்டோர் போட்டி நான்கு வருடத்துக்கு ஒருமுறை. 2015ல் 18 வயதான பெண்ணுக்கு அடுத்தது கிடையாது. அவளுக்கு அந்த வயதுப் பிரிவில் ஒரே ஒரு உலகப் போட்டிதான், அது போயிற்று. கொள்கையின் விலையை யார் கட்டினார்கள் என்று கேட்டால் கொள்கையை வகுத்த பெரியவர்கள் யாரும் இல்லை, பள்ளிப் பிள்ளைகள்.

ஸ்காட்லாந்து என்பதில் உள்ள வேடிக்கை

இதை விட்டுவிட்டுப் போக முடியவில்லை, அதனால் ஒரு பத்தி. இன்று உலகம் ஆடும் பெண்கள் லாக்ராஸ் ஸ்காட்லாந்தில் பிறந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் உள்ள செயின்ட் லியோனார்ட்ஸ் பள்ளியில் 1890ல் மாணவிகள் ஆடிய ஆட்டம்தான் முதல் பெண்கள் ஆட்டம் என்று எல்லா வரலாற்றிலும் இருக்கும். அந்தப் பள்ளிக்கு ஆட்டத்தை அறிமுகப்படுத்தியவர் அதன் முதல் தலைமையாசிரியையாக இருந்த லூயிசா லம்ஸ்டன். அவர் அதை எங்கே பார்த்தார்? 1884ல் வட அமெரிக்கப் பயணத்தின்போது, மாண்ட்ரியல் அணியோடு ஆடிய கானவாகே ஊர்க்காரர்களிடம். கானவாகே மோஹாக் ஊர். அதே கானவாகே வீரர்கள் 1876ல் பிரிட்டனுக்கு வந்து விக்டோரியா ராணி முன்னால் ஆடிக் காட்டியவர்கள். செயின்ட் லியோனார்ட்ஸில் படித்த ரோசபெல் சின்க்ளேர் என்பவர் 1926ல் பால்டிமோரில் ஒரு பெண்கள் பள்ளிக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுபோனார், அமெரிக்கப் பெண்கள் லாக்ராஸ் அங்கிருந்து கிளைத்தது. மோஹாக்கிடமிருந்து ஸ்காட்லாந்து, ஸ்காட்லாந்திலிருந்து திரும்ப அமெரிக்கா. எடின்பரோவில் இருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அவ்வளவு கிட்டத்தில், மோஹாக் பெண்களுக்கு இடமில்லாமல் ஒரு பெண்கள் உலகப் போட்டி நடந்தது.

போட்டியும் அதற்குப் பிறகும்

போட்டி இவர்கள் இல்லாமல் நடந்து முடிந்தது. இறுதி ஆட்டத்தில் கனடா 9–8 என்ற கணக்கில் அமெரிக்காவை வீழ்த்தி அந்தப் பிரிவில் முதல்முறையாகப் பட்டம் வென்றது. செய்தி முழுக்க அதுதான்.

அதே வருடம் செப்டம்பரில் இன்னொரு காட்சி. ஆண்களுக்கான உலக உள்ளரங்க லாக்ராஸ் போட்டியை ஓனொண்டாகா தேசத்தின் நிலத்தில், நியூயார்க் மாநிலத்தில் சிராக்கியூஸ் அருகில், ஹோடினோஷோனி மக்களே நடத்தினார்கள். பூர்வகுடி நிலத்தில் நடந்த முதல் உலகப் போட்டி என்று பெரிதாகப் பேசப்பட்டது. இங்கிலாந்து அணியும் வந்தது, வரவேற்றார்கள். இரண்டு மாத இடைவெளியில் ஒரே ஆட்டத்தில், ஒரே கூட்டமைப்பின் கீழ், இப்படி இரண்டு நிகழ்வுகள்.

2017ல் பெண்கள் உலகக் கோப்பை இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் நடந்தபோது ஹோடினோஷோனி மூத்த பெண்கள் அணி அதில் ஆடியது. 2018ல் ஆண்கள் அணி இஸ்ரேலின் நெதன்யா நகருக்குப் போவதிலும் பாஸ்போர்ட் சிக்கல் வந்தது. கடைசி நேரத்தில் தீர்ந்து, தாமதமாகப் போய்ச் சேர்ந்து, மூன்றாம் இடமும் பிடித்தது. 2019ல் 19 வயதுக்கு உட்பட்ட பெண்கள் போட்டி ஒண்டாரியோவின் பீட்டர்பரோவில் நடந்தது. அங்கே போக இந்தப் பெண்களுக்கு யாரிடமும் விசா கேட்க வேண்டியிருக்கவில்லை, ஆடினார்கள். ஆனால் அது அடுத்த தலைமுறை.

2020ல் பிரச்சினை வேறு உருவம் எடுத்தது. 2022 உலக விளையாட்டுகளுக்கான ஆண்கள் அணிப் பட்டியலில், உலகில் மூன்றாம் இடம் பிடித்திருந்த இரோகுவாய் அணியே இல்லை. ஒலிம்பிக் முறைப்படி நாடு என்று கணக்கில் வராது என்பதுதான் அடிப்படைக் காரணம். எதிர்ப்புக் கிளம்பியது, ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள், முடிவு மாறியது. இடம் காலியாக வேண்டுமே, அயர்லாந்து அணி தானாக முன்வந்து தன் இடத்தை விட்டுக் கொடுத்தது. அழகான செயல், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தேசத்தின் பங்கேற்பு பக்கத்து அணியின் நல்ல மனதை நம்பி இருக்கிறது என்றால் அங்கே விதி எழுதப்படவில்லை என்று அர்த்தம்.

மறுபடி நடந்தால் எதை மாற்ற வேண்டும்

முதலாவது, போட்டியை ஒரு நாட்டுக்குக் கொடுக்கும் முன்பு. நடத்த விரும்புகிற சங்கம் மைதானம் இருக்கிறது, ஓட்டல் இருக்கிறது, ஸ்பான்சர் இருக்கிறது என்று காட்டுகிறது. அந்த நாட்டு அரசிடமிருந்து எல்லா உறுப்பினர் அணிகளும் உள்ளே வரலாம் என்ற எழுத்துபூர்வமான உறுதியையும் சேர்த்துக் காட்ட வேண்டும். விளையாட்டுச் சங்கம் கொடுக்கும் வாக்குறுதிக்கு விமான நிலையத்தில் மதிப்பில்லை, குடியேற்றத் துறை கொடுத்தால்தான் மதிப்பு. 2010ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சரே தலையிட்டும் நடக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. கடைசி வாரத்தில் எவ்வளவு பெரிய ஆள் பேசினாலும் தாமதம்தான்.

இரண்டாவது, பாஸ்போர்ட்டை அங்கீகரிப்பதும் அந்தப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரை உள்ளே விடுவதும் ஒன்றல்ல. இது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு நாடு அங்கீகரிக்காத ஆவணத்தோடு வருகிறவருக்குத் தனித் தாளில் விசா ஒட்டிக் கொடுக்கும் முறை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002 முதலே விதியாக இருக்கிறது. இறையாண்மையைப் பற்றி யாரும் வாய் திறக்காமல் பத்து நாள் ஆட்டத்துக்கு வந்துபோக இப்படி நடுவழிகள் உண்டு. அவற்றைத் தேட ஆறு மாதமோ ஒரு வருடமோ வேண்டும், ஒரு வக்கீலும் வேண்டும்.

அணியின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். எந்தப் பாஸ்போர்ட்டில் போவது, கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அணியைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே வீராங்கனைகளிடமும் அவர்கள் அம்மா அப்பாவிடமும் சொல்லப்பட வேண்டியது. முடிவு பெரியவர்களுடையது என்றாலும் பதினேழு வயதுப் பெண் அதை ஜூலையில் கேள்விப்படுவதும் ஜனவரியிலேயே தெரிந்து சேர்வதும் வேறு வேறு. வயதுப் பிரிவைத் தாண்டிப் போகிறவர்களுக்கு மூத்த அணியில் ஒரு பயிற்சி முகாம், ஒரு நட்பு ஆட்டம் என்று ஏதாவது கையில் வைத்திருப்பது நல்லது.

இப்போது கண்ணெதிரில் இருப்பது 2028. சர்வதேச ஒலிம்பிக் குழு 2023 அக்டோபரில் மும்பையில் கூடி, லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஆறு பேர் ஆடும் லாக்ராஸை ஆண், பெண் இரு பிரிவிலும் சேர்த்தது. அந்த டிசம்பரில் அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ஜோ பைடன் ஹோடினோஷோனி அணி தன் கொடியோடு ஆட வேண்டும் என்று வெளிப்படையாக ஆதரவு சொன்னார். தேசிய ஒலிம்பிக் குழு இருந்தால்தான் அணி அனுப்ப முடியும், இல்லையென்றால் அமெரிக்க, கனடிய அணிகளில் சேர்ந்து ஆடலாம் என்பது ஒலிம்பிக் தரப்பின் பதில். எடின்பரோவில் கேட்ட அதே இரண்டாவது வழி. இந்த முறை பயண ஆவணம் பெரிய தடையாக வராது, லாஸ் ஏஞ்சலிஸுக்கு இவர்கள் நியூயார்க் மாநிலத்திலிருந்து உள்நாட்டு விமானத்திலேயே போகலாம். தடை முழுக்க முழுக்க விளையாட்டு நிர்வாகத்தின் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. குடியேற்றத் துறை மேல் பழியைப் போட்டு நழுவ இந்தத் தடவை யாருக்கும் இடமில்லை.